செயல்திறன் மிக்க காருக்கான மேம்பட்ட கிளட்ச் தேர்வு: செட்டிநாட்டுச் சாலையையும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தையும் முன்வைத்து ஒரு விளக்க ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இயந்திரத்தின் திறன் கூட்டப்பட்ட காருக்கு எத்தகைய கிளட்ச் பொருந்தும் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. மிகுந்த பிடிப்புடைய கிளட்சே சிறந்தது என்னும் கருத்து பட்டறைகளிலும் கார் ஆர்வலரிடையேயும் பரவலாக உள்ளது. கிளட்சின் முறுக்குவிசைத் தாங்குதிறன், புறப்பாட்டின்போது தோன்றும் வெப்பம், உராய்வுப் பொருளின் இயல்பு ஆகிய மூன்றையும் எளிய கணக்குகளால் விளக்கி, அக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பது சோதிக்கப்படுகிறது. சிவகங்கை மாவட்டம் நாச்சியாபுரத்தை ஒட்டிய சாலைப் பயன்பாடும், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடப் பயன்பாடும் இரு எதிர்முனைகளாகக் கொள்ளப்படுகின்றன. கிளட்சை வலுப்படுத்துவதால் காரின் மெலிவு நீங்குவதில்லை. அது வேறோர் உறுப்புக்கு இடம் மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: கிளட்ச், முறுக்குவிசை, உராய்வுக் குணகம், அழுத்து விசை, கியர்பாக்ஸ், நாச்சியாபுரம், இருங்காட்டுக்கோட்டை.

முன்னுரை

இந்திய மோட்டார் பந்தய வரலாற்றில் தமிழ்நாட்டிற்குத் தனி இடம் உண்டு. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்கள், சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த நிலையான தடத்திற்கு 1990 அளவில் இடம்பெயர்ந்தன. அத்தடத்தின் நீளம் ஏறத்தாழ 3.7 கி.மீ. கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2.1 கி.மீ. நீளமுள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே 2003 ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. மாருதி 800 காரின் இயந்திரத்தையும் கியர்பாக்ஸையும் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய கோவை எஸ். கரிவரதனின் பெயரை அது தாங்கியுள்ளது. அதே கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். 2024 ஆம் ஆண்டு சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவுநேரக் கார் பந்தயம் நடைபெற்றது.

இவ்வரலாற்றின் விளைவாக, பந்தயத்துக்கென உருவாக்கப்படாத சாதாரணக் கார்களின் திறனைக் கூட்டும் வழக்கமும் வளர்ந்துள்ளது. இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றுதல், டர்போவின் அழுத்தத்தை உயர்த்துதல், காற்று உட்செலுத்தும் வழியை மாற்றியமைத்தல் ஆகியவற்றால் முறுக்குவிசை கூடுகிறது. கூடிய முறுக்குவிசையை முதலில் எதிர்கொள்ளும் உறுப்பு கிளட்ச். எனவே திறன் கூட்டியவர் பலரும் அடுத்து மேற்கொள்ளும் மாற்றம் கிளட்ச் மாற்றமாக அமைகிறது. அங்குச் செய்யப்படும் தவறான தேர்வு பணத்தை வீணாக்குவதோடு கியர்பாக்ஸையும் சிதைக்கும். நெரிசலான சாலையில் பிறர் உயிருக்கும் ஊறாகும்.

கிளட்சுக்கு உரசிணைப்பி என்னும் தமிழாக்கம் உண்டு. உரசி இணைவது என்னும் அதன் செயலை அச்சொல் சரியாகவே சுட்டுகிறது. ஆயினும் பட்டறையிலும் சாலையிலும் வழங்குவது கிளட்ச் என்னும் சொல்லே ஆதலின், இக்கட்டுரை அதனையும், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ஃப்ளைவீல், ரிலீஸ் பேரிங் முதலிய வழக்குச் சொற்களையும் ஆள்கிறது.

1. கிளட்சின் அமைப்பும் பணியும்

இயந்திரத்தின் சுழல்தண்டோடு இணைந்து சுழல்வது ஃப்ளைவீல். கியர்பாக்ஸின் உள்வரும் தண்டில் பொருந்தியிருப்பது கிளட்ச் பிளேட். பிளேட்டின் இரு முகங்களிலும் உராய்வுப் பொருள் ஒட்டப்பட்டோ தறையப்பட்டோ இருக்கும். பிரஷர் பிளேட்டில் உள்ள வட்டவில், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து இறுக்குகிறது. ஓட்டுநர் மிதிகட்டையை அழுத்தும்போது ரிலீஸ் பேரிங் அவ்வில்லைத் தள்ளி இறுக்கத்தைத் தளர்த்துகிறது. இயந்திரமும் கியர்பாக்ஸும் பிரிகின்றன. மிதிகட்டையை விடும்போது இரண்டும் மீண்டும் இணைகின்றன.

பிரிந்த நிலைக்கும் முழுதும் இணைந்த நிலைக்கும் இடையில் ஒரு சறுக்கல் நிலை உண்டு. இயந்திரம் வேகமாகவும் கியர்பாக்ஸ் தண்டு மெதுவாகவும் சுழலும் அந்நேரத்தில், இரு வேகங்களின் வேறுபாட்டைக் கிளட்ச் உராய்ந்து ஈடுசெய்கிறது. ஹாஃப் கிளட்ச் என ஓட்டுநர்கள் குறிப்பிடுவது இந்நிலையையே. கார் குலுங்காமல் புறப்படுவது இச்சறுக்கலால்தான். கிளட்ச் தேய்வதும் வெப்பமடைவதும் இதே சறுக்கலால்தான்.

ஆகவே கிளட்சுக்கு இரு பணிகள் உள்ளன. இணைந்தபின் சறுக்காமல் இருத்தல் ஒன்று. இணையும்போது அளவோடு சறுக்குதல் மற்றொன்று. இவ்விரண்டும் தம்முள் முரண்படுவன. முதல் பணியில் சிறக்குமாறு மாற்றப்படும் கிளட்ச், பெரும்பாலும் இரண்டாம் பணியில் குறைபடுகிறது.

2. தாங்குதிறனைக் கணக்கிடுதல்

ஒரு கிளட்ச் சறுக்காமல் கடத்தக்கூடிய உச்ச முறுக்குவிசையைப் பின்வரும் தொடர்பு தருகிறது.

தாங்குதிறன் = உராய்வுக் குணகம் × அழுத்து விசை × சராசரி ஆரம் × உராய்வு முகங்களின் எண்ணிக்கை

தயாரிப்பாளர்கள் இத்தாங்குதிறனை இயந்திரத்தின் உச்ச முறுக்குவிசைக்குச் சமமாக வைப்பதில்லை. அதனினும் கூடுதலாகவே வைப்பர். பயணிகள் கார்களில் இக்காப்பு விகிதம் பொதுவாக 1.2 முதல் 1.5 வரை அமையும். தேய்மானம், வெப்பத்தால் உராய்வு குறைதல், வில்லின் தளர்ச்சி ஆகியவற்றை இந்த உபரி ஈடுசெய்கிறது.

கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் இணைந்து 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட டியாகோ ஜேடிபி காரை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வழக்கமான 1.2 லிட்டர் பெட்ரோல் டியாகோவின் உச்ச முறுக்குவிசை 114 நியூட்டன் மீட்டர். டர்போ இயந்திரம் பொருத்தப்பட்ட ஜேடிபியின் முறுக்குவிசை 150 நியூட்டன் மீட்டர். இரண்டும் ஒரே உடற்கூடு கொண்டவை. முறுக்குவிசை ஏறத்தாழ 32 விழுக்காடு வேறுபடுகிறது. கார் ஆர்வலர் ஒருவர் தம் காரில் செய்ய விழையும் திறன் கூட்டலின் அளவும் பெரும்பாலும் இவ்வெல்லையை ஒட்டியே அமைகிறது.

114 நியூட்டன் மீட்டர் இயந்திரத்துக்குரிய ஒரு மாதிரிக் கிளட்சைக் கணக்கிற்காகக் கருதுவோம். கிளட்ச் பிளேட்டின் வெளிவிட்டம் 190 மி.மீ., உள்விட்டம் 130 மி.மீ. எனில் சராசரி ஆரம் 80 மி.மீ. உராய்வுக் குணகம் 0.3, அழுத்து விசை 3,300 நியூட்டன், உராய்வு முகங்கள் 2 எனக் கொண்டால் தாங்குதிறன் 158 நியூட்டன் மீட்டர் ஆகும். 114 நியூட்டன் மீட்டர் இயந்திரத்தோடு இதன் காப்பு விகிதம் 1.39. அதே கிளட்ச் 150 நியூட்டன் மீட்டர் இயந்திரத்தோடு இணைந்தால் விகிதம் 1.06 ஆகச் சுருங்குகிறது.

புதிய கிளட்ச், குளிர்ந்த நிலையில், 1.06 என்ற விகிதத்திலும் சறுக்காது. திறன் கூட்டிய முதல் வாரத்தில் சிக்கல் ஏதும் தென்படாமைக்குக் காரணம் இதுவே. ஆனால் வெப்பத்தால் உராய்வுக் குணகம் 0.25 ஆகத் தாழ்ந்தால் தாங்குதிறன் 132 நியூட்டன் மீட்டராகும். அது இயந்திரத்தின் 150 நியூட்டன் மீட்டரைவிடக் குறைவு. உயர் கியரில் முடுக்கியை அழுத்தும்போது இயந்திரத்தின் சுழற்சி வேகம் ஏறியும் காரின் வேகம் ஏறாதிருப்பது இந்நிலையின் அறிகுறி. சறுக்கல் வெப்பத்தை வளர்க்கும். வெப்பம் உராய்வை மேலும் குறைக்கும். குறைந்த உராய்வு சறுக்கலை மிகுவிக்கும். இச்சுழலில் சிக்கிய கிளட்ச் விரைவில் கருகிவிடும்.

3. தாங்குதிறனைக் கூட்டும் நான்கு வழிகள்

மேற்கண்ட தொடர்பில் நான்கு காரணிகள் உள்ளன. சந்தையில் விற்கப்படும் மேம்பட்ட கிளட்ச் எதுவாயினும், இந்நான்கில் ஒன்றையோ பலவற்றையோ உயர்த்துவதாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

அழுத்து விசையைக் கூட்டுதல் முதல் வழி. வலிய வட்டவில் கொண்ட பிரஷர் பிளேட் பொருத்தி விசையை 30 விழுக்காடு உயர்த்தினால், மாதிரிக் கிளட்சின் தாங்குதிறன் 206 நியூட்டன் மீட்டராகவும் காப்பு விகிதம் 1.37 ஆகவும் உயரும். உராய்வுப் பொருள் பழையதே ஆதலின் இணைப்பின் மென்மை பெரிதும் மாறாது. மிதிகட்டை கனக்கும், ரிலீஸ் பேரிங் விரைவில் தேயும். மிதிகட்டையை அழுத்தும்தோறும் அவ்விசை சுழல்தண்டை அச்சுத்திசையில் தள்ளுவதால், அத்தண்டின் உந்து வளையங்களும் கூடுதல் சுமை தாங்க நேரும்.

உராய்வுக் குணகத்தைக் கூட்டுதல் இரண்டாம் வழி. குணகம் 0.4 உடைய பொருளை மாற்றினால் தாங்குதிறன் 211 நியூட்டன் மீட்டராகும். மிதிகட்டையின் கனம் மாறாது. இணைப்பின் இயல்பு மாறிவிடும். இதனை ஐந்தாம் பகுதி விரித்துரைக்கும்.

ஆரத்தைக் கூட்டுதல் மூன்றாம் வழி. 215 மி.மீ. வெளிவிட்டமும் 145 மி.மீ. உள்விட்டமும் உள்ள பிளேட்டின் சராசரி ஆரம் 90 மி.மீ. ஆரத்தை மட்டும் மாற்றினால் தாங்குதிறன் 178 நியூட்டன் மீட்டர்; அதோடு அழுத்து விசையும் 3,800 நியூட்டனாக உயர்ந்தால் 205 நியூட்டன் மீட்டர். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கார்களுள் பெரிய இயந்திரமுள்ள மாதிரியின் கிளட்சைச் சிறிய மாதிரியில் பொருத்தும் பட்டறை வழக்கத்தின் அடிப்படை இதுவே. ஃப்ளைவீலின் அளவும், தண்டின் பல்லெண்ணிக்கையும், உறையின் இடவசதியும் ஒத்துவந்தால், சாலைக் காருக்கு இவ்வழி பெரும்பாலும் நல்வழி. பரப்பு கூடுவதால் வெப்பமும் பரவி ஆறுகிறது.

உராய்வு முகங்களைக் கூட்டுதல் நான்காம் வழி. இரட்டைப் பிளேட் கிளட்சில் முகங்கள் 4 ஆகின்றன. பிற காரணிகள் மாறாதிருக்க, தாங்குதிறன் 317 நியூட்டன் மீட்டராக இரட்டிக்கும். விலை, எடை, பொருத்தும் நுட்பம் ஆகிய மூன்றும் மிகும். 150 நியூட்டன் மீட்டர் இயந்திரத்துக்கு இத்தகைய கிளட்ச் தேவையற்றது. அடுத்த பகுதி காட்டுமாறு, தீங்கானதும் ஆகும்.

4. மெலிவின் இடமாற்றம்

கியர்பாக்ஸுக்குச் செல்லும் முறுக்குவிசையின் உச்சத்தை இயந்திரமே வரையறுக்கிறது எனப் பலர் கருதுகின்றனர். காரின் வேகம் சீராக ஏறும்போது அது உண்மை. மிதிகட்டையைத் திடீரென விடும்போது அது உண்மையாகாது. அப்போது வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலும் சுழல்தண்டும் தம்மிடமுள்ள சுழற்சி ஆற்றலை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் கொட்டுகின்றன. அந்நேரத்தில் கியர்பாக்ஸை எட்டும் முறுக்குவிசை இயந்திரத்தின் 150 நியூட்டன் மீட்டரோடு நிற்பதில்லை. கிளட்ச் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு வரை உயரக்கூடும்.

158 நியூட்டன் மீட்டர் கிளட்ச் அந்த எல்லையில் சறுக்கிவிடும். 317 நியூட்டன் மீட்டர் கிளட்ச் சறுக்காது. முழு அதிர்ச்சியையும் கியர்பாக்ஸுக்குள் அனுப்பும். 150 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைக்கப்பட்ட பற்சக்கரமும், டிஃபரன்ஷியலும், சக்கரங்களுக்குச் செல்லும் அச்சுத் தண்டுகளும் இருமடங்குச் சுமையை ஏற்கும். டயரின் பிடி முதலில் நழுவினால் அவை தப்பும். பிடி நழுவாவிடில் அவற்றுள் எது மெலிந்ததோ அது முறியும்.

இக்கோணத்தில் நோக்கினால் கிளட்ச் ஒரு காப்பு உறுப்பு எனத் தெளிவாகிறது. வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் கம்பி ஆற்றும் பணியைச் சக்தித் தொடரில் கிளட்ச் ஆற்றுகிறது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காகத் தடித்த கம்பியைக் கட்டினால் எரிவது சுவருக்குள் இருக்கும் கம்பியாகும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் ஒரு நாள் வேலையில் மாற்றலாம். கியர்பாக்ஸ் உடைந்தால் செலவு பன்மடங்காகும். எனவே காப்பு விகிதத்தை 1.3 முதல் 1.5 வரையிலான எல்லைக்குள் மீட்டெடுப்பதே சாலைக் காரின் இலக்காக அமைதல் வேண்டும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கூடுதலும் வேறோர் உறுப்பின் மீது ஏற்றப்படும் சுமையாகும்.

5. வெப்பமும் உராய்வுப் பொருளும்

நின்ற நிலையிலிருந்து கார் புறப்படுகையில், இயந்திரத்தின் சுழற்சி வேகம் மாறாதிருக்குமாறு ஓட்டுநர் கிளட்சைச் சறுக்கவிட்டால், இணைப்பு முடியும் வரை கார் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் கிளட்சில் வெப்பமாகிறது. காற்றுத் தடையும் சாலைத் தடையும் இக்கணக்கில் விடப்பட்டுள்ளன.

ஓட்டுநருடன் 1,100 கி.கி. எடையுள்ள கார் ஒன்றில், முதல் கியரின் மொத்த விகிதம் 14, டயரின் சுற்றளவு 1.8 மீட்டர் எனக் கொள்வோம். நிமிடத்திற்கு 2,000 சுற்றுகளில் புறப்பட்டால், இணைப்பு முடியும் வேகம் மணிக்கு 15 கி.மீ. அளவில் அமையும், தோன்றும் வெப்பம் ஏறத்தாழ 10 கிலோஜூல். பந்தயத்தில் செய்வதுபோல் 4,000 சுற்றுகளில் புறப்பட்டால் வேகம் மணிக்கு 31 கி.மீ.; வெப்பம் 40 கிலோஜூல். சுழற்சி வேகம் இருமடங்காகும்போது வெப்பம் நான்மடங்காகிறது. ஒன்றரை நொடிக்குள் இந்நிகழ்வு முடிந்தால், அக்குறுகிய நேரத்தில் கிளட்ச் ஏறத்தாழ 27 கிலோவாட் வெப்பத்தை ஏற்கிறது. அதில் பாதி 3 கி.கி. எடையுள்ள பிரஷர் பிளேட்டுக்குச் சென்றால் அதன் சராசரி வெப்பநிலை 13 பாகைக்கு மேல் உயரும். உராயும் மேற்பரப்பின் வெப்பநிலையோ அக்கணத்தில் இதனினும் பன்மடங்கு ஏறும். ஆறவிடாமல் பத்து முறை புறப்பட்டால் பிளேட் முழுவதுமே நூறு பாகைக்கு மேல் சூடேறிவிடும்.

எடை இக்கணக்கில் நேர் விகிதத்தில் அமைகிறது. எடை பாதியானால் வெப்பமும் பாதியாகும். சிறிய காரின் இயந்திரத்தையும் கியர்பாக்ஸையும் இலகுவான ஒற்றை இருக்கைக் கூட்டில் அமைக்கும் ஃபார்முலா மாருதி போன்ற வடிவமைப்பில், சக்தித் தொடரின் மீது விழும் சுமை இயல்பாகவே குறைகிறது. காரின் எடையைக் குறைப்பதும் கிளட்சை மேம்படுத்தும் ஒரு வழியே என்பது இதனால் பெறப்படும்.

வெப்பத்தைத் தாங்கும் முறையில் உராய்வுப் பொருள்கள் வேறுபடுகின்றன. சாதாரணக் கார்களில் பயன்படும் கரிமப் பொருள் பிசினும் இழையும் கலந்தது. மென்மையாக இணையும், ஃப்ளைவீலைத் தேய்க்காது, மிகுவெப்பத்தில் பிசின் கருகிப் பிடிப்பு இழக்கும். அராமிட் இழை கலந்த பொருள், கெவ்லர் என்னும் வணிகப்பெயரால் அறியப்படுவது, நீண்ட நாள் உழைக்கும், மென்மையும் குறையாது. ஆனால் பதப்படுத்தும் காலம் கூடுதலாக வேண்டும். ஒருமுறை மிகையாகச் சூடேறி மேற்பரப்பு மெருகேறினால் பழைய பிடிப்பு மீள்வதரிது.

செராமிக் கலந்த உலோகப் பொருளின் உராய்வுக் குணகம் உயர்ந்தது; கரிமப் பொருள் கருகும் வெப்பத்திலும் பிடிப்பைக் காக்கும். இப்பொருள் பெரும்பாலும் முழு வளையமாக அமையாமல் 3, 4 அல்லது 6 தனித்துண்டுகளாகப் பிளேட்டில் பொருத்தப்படும். துண்டுகள் குறையக் குறைய இணைப்பு கடுமையாகும். பிடித்தால் முழுப்பிடி, விட்டால் முழுவிடுப்பு என்னும் இருநிலைத் தன்மை தோன்றும். ஃப்ளைவீலின் முகமும் விரைந்து தேயும். கார்பன் கிளட்ச் ஃபார்முலா ஒன் போன்ற உயர்நிலைப் பந்தயங்களுக்கு உரியது. அதன் விலையும் பராமரிப்பும் சாலைக் காரின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

பிளேட்டின் நடுவிலுள்ள சுருள்விற்களையும் கருத்தில் கொள்ள வேண்டும். இயந்திரத்தின் துடிப்பு கியர்பாக்ஸுக்குச் செல்லாமல் அவை உறிஞ்சுகின்றன. விற்களற்ற பிளேட் இலகுவானது; கியர் மாற்றம் விரையும்; கியர்பாக்ஸின் இரைச்சலும் தேய்வும் கூடும். பல டீசல் கார்களில் இப்பணியை இரட்டைப் பொருண்மை ஃப்ளைவீல் செய்கிறது. அதனை அகற்றி ஒற்றை ஃப்ளைவீல் வைப்போர், விற்களுள்ள பிளேட்டையே தேர்தல் வேண்டும். இல்லையேல் துடிப்பை உறிஞ்ச எவ்வுறுப்பும் எஞ்சாது. இலகு ஃப்ளைவீல் பொருத்தினால் இயந்திரத்தின் சுழற்சி விரைந்து ஏறும். மெதுவாகப் புறப்படும்போது இயந்திரம் அணைந்துபோகும் வாய்ப்பும் கூடும்.

6. நாச்சியாபுரத்துச் சாலை

காரைக்குடியை அடுத்த செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று நாச்சியாபுரம். இப்பகுதியின் நகரத்தார் குடும்பங்கள் பல சென்னையிலும் கோவையிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழ்கின்றன. திருமணம், படைப்பு, கோயில் விழா ஆகியவற்றுக்கு அவை ஊர் திரும்புகின்றன. சென்னையிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. நெடுஞ்சாலைப் பயணம், ஊரை எட்டியபின் குறுகிய தெருக்களிலும் விழாக்கூட்டத்திலும் ஊர்தல். ஒரே காரிடம் இவ்விரண்டும் எதிர்பார்க்கப்படுகின்றன.

நெடுஞ்சாலையில் கிளட்ச் இணைந்தே இருப்பதால் அதற்கு வேலை குறைவு. ஊர்தலின் நிலை வேறு. தைப்பூசத்தையொட்டிக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடும் வேலோடும் நகரத்தார் நடந்து செல்லும் பாதயாத்திரை செட்டிநாட்டின் நெடுங்கால மரபு. உணவும் உடைமையும் ஏற்றிய வாகனங்கள் நடப்பவருக்குத் துணையாக அதே சாலையில் செல்கின்றன. நடையின் வேகம் மணிக்கு 4 கி.மீ. அளவினது. மேற்கூறிய கார் முதல் கியரில், முடுக்கியைத் தொடாமல், 800 சுற்றுகளில் மணிக்கு 6 கி.மீ. செல்லும். அதனினும் மெதுவாகச் செல்ல ஹாஃப் கிளட்ச் தவிர வேறு வழியில்லை. அல்லது நின்று நின்று செல்ல வேண்டும்.

இந்த ஊர்தலில் தோன்றும் வெப்பம் எவ்வளவு? ஆளும் பொருளும் ஏற்றி 1,300 கி.கி. எடையுள்ள கார், சமதளச் சாலையில், இயந்திரம் 1,500 சுற்றுகளில் சுழல மணிக்கு 4 கி.மீ. ஊர்ந்தால், கிளட்சில் வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 400 வாட். பந்தயப் புறப்பாட்டின் 27 கிலோவாட்டோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. ஆனால் பந்தயப் புறப்பாடு ஒன்றரை நொடியில் முடிகிறது. ஊர்தல் மணிக்கணக்கில் நீள்கிறது. முடுக்கியிலிருந்து காலை எடுத்து 800 சுற்றுகளிலேயே ஊர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 115 வாட்டாகக் குறையும். ஓட்டும் முறையே இங்கு வெப்பத்தைத் தீர்மானிக்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான வேறுபாடு புலப்படும். பந்தயத் தடத்தில் கிளட்சுக்கு வேண்டியது வெப்பம் தாங்கும் ஆற்றல். கூட்டத்தின் நடுவே வேண்டியது மெல்லச் சறுக்கும் இயல்பு. 4 துண்டுகள் கொண்ட செராமிக் பிளேட் பொருத்திய கார் இச்சாலையில் ஊர இயலாது, குதிக்கும். ஓட்டுநரின் கால் சற்றே தவறினும் கார் ஒரு முழம் முன்னே பாயும். அந்த ஒரு முழத் தொலைவில் வெறுங்காலோடு நடக்கும் மனிதர் இருப்பார். நின்ற வண்டி பிடிப்பு மிகுதியால் அணைந்து அணைந்து எழுவதும், பின்வரும் வாகனங்கள் தடுமாறுவதும் வேறு. திறன் கூட்டிய காரின் கிளட்ச் தேர்வை உரிமையாளரின் தனி விருப்பமாக மட்டும் கருத இயலாமைக்குக் காரணம் இதுவே.

எனவே செட்டிநாட்டுச் சாலைக்குரிய காரில், திறன் மூன்றில் ஒரு பங்கு கூட்டப்பட்டிருப்பினும், கரிமப் பொருளோ அராமிட் இழையோ கொண்ட முழு வளையப் பிளேட், நடுவிற்கள், 20 முதல் 30 விழுக்காடு கூடுதல் அழுத்து விசையுள்ள பிரஷர் பிளேட் ஆகிய கூட்டமைப்பே பொருந்தும். இடவசதி இருந்தால் பெரிய விட்டம் இன்னும் சிறப்பு.

7. இருங்காட்டுக்கோட்டைத் தடம்

தடத்தில் மட்டும் ஓடும் காரின் தேவை தலைகீழானது. நின்ற நிலைப் புறப்பாடு, கியரைத் தாழ்த்தும்போது நேரும் அதிர்ச்சி, உயர் சுழற்சியில் நிகழும் விரைவான கியர் மாற்றம் ஆகியவற்றைக் கிளட்ச் தாங்க வேண்டும். ஊர்தல் அங்கு மிகக் குறைவு. ஆகவே செராமிக் துண்டுகளும், விற்களற்ற பிளேட்டும், இலகு ஃப்ளைவீலும் அங்குப் பொருந்தும். கியர்பாக்ஸைக் குறிப்பிட்ட பந்தயங்களுக்கு ஒருமுறை பிரித்துச் சோதிக்கும் அணியால் மட்டுமே இவ்வமைப்பின் விளைவுகளை ஏற்க இயலும்.

வார நாள்களில் சாலையிலும் ஆண்டுக்குச் சில முறை தடத்திலும் ஓடும் கார் மூன்றாம் வகை. 6 துண்டுகளும் நடுவிற்களும் கொண்ட செராமிக் பிளேட்டோ, ஒருபுறம் கரிமப் பொருளும் மறுபுறம் செராமிக்கும் கொண்ட பிளேட்டோ இதற்குப் பரிந்துரைக்கப்படுவதுண்டு. எனினும் கார் எந்தப் பணியில் பெரும்பகுதி நேரத்தைக் கழிக்கிறதோ அதற்கேற்பத் தேர்வதே தகும். ஆண்டில் 360 நாள் சாலையில் ஓடும் காருக்குச் சாலைக்குரிய கிளட்சே ஏற்றது. எஞ்சிய நாள்களில் புறப்பாட்டை 4,000 சுற்றுகளுக்குப் பதிலாக 2,500 சுற்றுகளில் செய்தால் வெப்பம் 40 கிலோஜூலிலிருந்து 16 கிலோஜூலாகக் குறையும்.

8. தேர்வுக்கு முன்னும் பொருத்திய பின்னும்

கிளட்ச் சறுக்குகிறது என்பதாலேயே அது போதாது என முடிவு செய்தல் கூடாது. சுழல்தண்டின் பின்புற ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் படிந்தாலும் சறுக்கும். கிளட்ச் கேபிள் மிகுதியாக இறுக்கப்பட்டிருந்தாலும், ஹைட்ராலிக் சிலிண்டர் முழுதும் பின்வாங்காவிட்டாலும் சறுக்கும். மிதிகட்டையின் மீதே காலை வைத்து ஓட்டும் பழக்கமும் அதே விளைவைத் தரும். இக்குறைகளைக் களையாமல் விலையுயர்ந்த கிளட்சைப் பொருத்தினால் அதுவும் சறுக்கும்.

தேர்ந்த கிளட்சைப் பொருத்தும்போது ஃப்ளைவீலின் முகத்தைச் சமன்படுத்துதலும், ரிலீஸ் பேரிங்கையும் ஆயில் சீலையும் உடன் மாற்றுதலும் இன்றியமையாதவை. அவ்வுறுப்புகளுக்காக மட்டும் மீண்டும் கியர்பாக்ஸை இறக்குவது இருமடங்குக் கூலியாகும். பொருத்தியபின் முதல் 500 முதல் 1,000 கி.மீ. வரை அடிக்கடி கியர் மாற்றம் நிகழும் நகரச் சாலையில், முழு முடுக்கமின்றி ஓட்டிப் பதப்படுத்த வேண்டும். உராய்வு முகங்கள் ஒன்றோடொன்று படிந்து முழுப் பரப்பும் தொடுவதற்கு இக்காலம் தேவை. நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓடிய தொலைவு இக்கணக்கில் சேராது.

சட்டமும் கருதத்தக்கது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றோடு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதை 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வலிய கிளட்சைத் தேவைப்படுத்தும் இயந்திர மாற்றம் இப்பிரிவின் எல்லைக்குள் வருகிறதா என்பதை முன்னரே ஆராய்தல் நன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. கூட்டப்பட்ட முறுக்குவிசைக்கேற்பக் காப்பு விகிதத்தை 1.3 முதல் 1.5 வரை மீட்பதே சாலைக் காரின் கிளட்ச் மேம்பாட்டுக்குரிய அளவு. இவ்வளவைப் பெரிய விட்டத்தாலும் மிதமாகக் கூட்டிய அழுத்து விசையாலும் எட்டுவது, கடும்பிடிப் பொருளால் எட்டுவதைவிட மேலானது. தேவைக்கு மிஞ்சிய தாங்குதிறன், கிளட்ச் ஏற்க வேண்டிய அதிர்ச்சியைக் கியர்பாக்ஸிடம் ஒப்படைக்கிறது. பந்தயத் தடத்தில் கிளட்சின் சிறப்பு அது தாங்கும் வெப்பத்தால் அளக்கப்படும். மக்கள் நடக்கும் சாலையில் அது சறுக்கும் மென்மையால் அளக்கப்படும்.

கிளட்ச் வாங்க முனைவோர் முதலில் விடைகாண வேண்டியது காரின் உச்சத் திறன் பற்றிய வினாவுக்கன்று. அக்கார் எவ்விடத்தில், எவ்வளவு எடையோடு, யாருடைய பின்னால் ஊரப்போகிறது என்பதே முதல் வினா. அவ்விடையைக் கொண்டு பட்டறைக்குச் செல்பவர், குன்றக்குடிச் சாலையில் நடப்பவருக்கும் தம் கியர்பாக்ஸுக்கும் ஒருங்கே காப்பளிக்கும் தேர்வைச் செய்வார்.